டியூபில் கட்டிய டிக்கெட்

என் இடது காலில் ஒரு புண் நான்கு வருஷம் என்னோடு பஸ்ஸில் வந்தது. டிக்கெட் வாங்காமல் நான் ஏற்றிக்கொண்டு போன ஒரே பயணி அதுதான். கணுக்காலுக்கு மேலே, உள்பக்கத்தில், முதலில் தோல் கறுத்தது. பிறகு அரித்தது. அரித்த இடத்தைச் சொறிந்ததில் ஒரு சின்னக் காயம். ஒரு வாரத்தில் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். காயவில்லை. உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாகி, மூட மனமில்லாமல் திறந்தபடியே இருந்தது.

சென்னையில் கண்டக்டர் என்றால் உட்கார்ந்திருப்பவர். வெளியூர்களில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் டிக்கெட் கொடுப்பார்கள். இங்கே பின்வாசலை ஒட்டிய சீட்டில் நான் உட்கார்ந்திருப்பேன். முன்னால் நிற்கிறவரின் காசு பத்துக் கை மாறி என்னிடம் வரும். டிக்கெட்டும் சில்லறையும் அதே பத்துக் கை மாறி அவரிடம் போகும். வழியில் காணாமல் போனது என்று இருபது வருஷத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் சண்டை வந்திருக்கிறது. இருந்தாலும் நான் ஒரு கையையும் நம்பியதில்லை. டிக்கெட் போய்ச் சேரும்வரை கண்ணாலேயே பின்தொடர்வேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்வேன். வீட்டிலும் அதே குணம்தான். சாமியே நேரில் வந்து நின்றாலும் நீங்கள் பாஸ் கேட்பீர்கள் என்பாள் என் மனைவி.

அப்படி வருஷக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததில்தான் நரம்பு சுருட்டிக்கொண்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். களிம்பு கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் குப்பைமேனி, வேப்பெண்ணெய், மஞ்சள் எல்லாம் ஆயிற்று. கருவாட்டையும் கத்தரிக்காயையும் நிறுத்தினேன். மீனையே மறந்தேன். புண் எதற்கும் மசியவில்லை. வாசனை வேறு வர ஆரம்பித்தது. பின்வாசலில் ஏறுகிறவர்கள் மூக்கைச் சுளித்துவிட்டு உள்ளே நகர்ந்து போவார்கள். கூட்டத்தை உள்ளே போகச் சொல்லிக் கத்த வேண்டிய வேலை எனக்குக் குறைந்தது, அவ்வளவுதான் லாபம்.

அந்த வருஷம் டிப்போவில் நடந்த உடல் பரிசோதனையில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஆறு மாதம் தருகிறேன், அதற்குள் மூடாவிட்டால் உன்னைப் பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று எழுதிவிடுவேன் என்றார். அப்படி எழுதினால் டிப்போ கேட் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். பஸ்கள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொண்டே மிச்ச வருஷங்களைக் கழிக்க வேண்டும். மயிலாப்பூர் குளத்து ஸ்டாப்பில் விசில் ஊதினால் லஸ், ஆழ்வார்பேட்டை, தி.நகர் என்று எல்லாம் எனக்காகவே நகர்கிற மாதிரி ஒரு மிதப்பு எனக்கு உண்டு. அது போய்விடும் என்று நினைத்ததும் டிப்போ கழிவறையில் நின்று அழுதேன்.

தினமும் குளத்தருகே ஏறும் ஒரு கல்லூரி வாத்தியார்தான் அந்த டாக்டரைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர், பனகல் பார்க் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆறாத கால்புண்ணுக்கு ஏதோ புதிதாகச் செய்து பார்க்கிறார், முதலில் சேருகிறவர்களுக்குக் காசு கிடையாது என்றார். காசு கிடையாது என்ற இடத்தில் என் சந்தேகம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. தி.நகரில் நின்று மணி கேட்டால்கூட ஒரு புடவையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் சொல்வார்கள். இவர் மட்டும் ஏன் சும்மா செய்ய வேண்டும்? இந்த வாத்தியாருக்கு என்ன கிடைக்கிறது?

போனேன். வேறு வழியில்லை. டாக்டர் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர்தான், மெலிந்த மனிதர், பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்தார்.

"ஒங்க ரத்தத்தைத்தான் எடுக்கப்போறேன். மிஷின்ல வெச்சுச் சுத்தி, வேண்டியதை மட்டும் பிரிச்சு, ஒங்க புண்ணுலயே வெச்சுக் கட்டுவேன். வாராவாரம் வரணும். ஆறலாம், ஆறாமலும் போகலாம்."

ரத்தத்தில் தட்டணுக்கள் என்று இருக்கிறதாம். எங்கே அடிபட்டாலும் முதலில் ஓடிவருவது அதுதானாம். என் காலில் ரத்தம் தேங்கி நிற்பதால் அது சரியாக வேலை செய்யவில்லை, நாமே திரட்டிக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறோம் என்றார். பஸ் போகாத தெருவுக்கு ஆட்டோ வைத்து விடுவதுபோல என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். புரிந்தது. புரிந்ததனால் நம்பிவிட்டேன் என்று இல்லை.

கையெழுத்துப் போடச் சொல்லி இங்கிலீஷில் ஒரு தாள் கொடுத்தார்கள். வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, மறுநாள் வாத்தியாரிடம் படிக்கக் கொடுத்தேன். லஸ்ஸில் வாங்கியவர் ஆழ்வார்பேட்டை வருவதற்குள் படித்து முடித்து, பயப்பட ஒன்றுமில்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது என்றார். எந்தக் கடைக்காரனாவது வேண்டாமென்றால் போய்க்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுப்பானா? எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

என் டிரைவர் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினான். "மச்சி, ரத்தத்த எட்த்து வெளிய வித்துடுவானுங்க. வேற எவனுதோ மிச்சம் மீதிய ஒன் புண்ணுல தடவி அனுப்சிடுவானுங்க. அப்பால இன்னா நோவு வந்துச்சின்னு யாரக் கேப்ப?" என்றான். அந்த வருஷங்களில் ஊர்ச் சுவர்களில் எல்லாம் ஒரு நோயைப் பற்றி எழுதிவைத்திருந்தார்கள். ஊசி என்றாலும் அடுத்தவர் ரத்தம் என்றாலும் ஜனங்களுக்கு நடுக்கம். அவன் சொன்னது நாள் முழுக்க என் காதில் விசில் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

இருந்தாலும் டிப்போ நாற்காலியை நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை காலை என்று ஏற்பாடு. எனக்கு மதிய ஷிப்ட், அதனால் சௌகரியம். என்னோடு அதே நாளில் இன்னொருவரும் வந்தார். பட்டினப்பாக்கத்து மீன்கார அம்மா, ஐம்பது வயது இருக்கும். அவருக்கு ஏழு வருஷப் புண், வலது காலில். உப்புத் தண்ணீரிலும் ஈரத்திலும் நின்று நின்று வந்தது என்றார். கால் கட்டைப் பார்த்துவிட்டு மயிலாப்பூர் வீடுகளில் மீன் வாங்குகிறவர்கள்கூட அடுத்த கூடைக்குப் போய்விடுகிறார்களாம். புண் மூடினால்தான் மறுபடி கூடையைத் தூக்க முடியும். இல்லையென்றால் மருமகள் கையை எதிர்பார்த்து உட்கார வேண்டும். என்னைப் போலவே அவருக்கும் ஒரு நாற்காலி காத்திருந்தது. ஆனால் அவரிடம் சந்தேகம் என்பது மருந்துக்கும் இல்லை. கையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, நர்ஸிடம் வஞ்சிரம் எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

முதல் வாரம் ரத்தம் எடுத்தார்கள். டியூப் உள்ளறைக்குப் போயிற்று, கதவு சாத்தியது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கிண்ணியில் மஞ்சளாக, நுங்கு மாதிரி ஒன்று வந்தது. சிவப்பாகக் கொடுத்தது மஞ்சளாக வந்தால் என்ன அர்த்தம்? அதைப் புண்ணின் மேல் பரப்பி, மேலே துணி வைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை பட்டையாக இறுக்கிக் கட்டினார்கள். ஐந்து நாள் பிரிக்கக்கூடாது, வீட்டில் இருக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். ஐந்து நாளும் அந்தக் கட்டுக்குள் யாரோ முன்பின் தெரியாதவன் குடியிருப்பது போலவே இருந்தது.

இரண்டாவது வாரம் உள்ளறையைப் பார்க்காமல் கையை நீட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. வாசற்படியில் நின்று பார்க்கட்டும் என்றார். லேப்பில் இருந்த பெண் நங்கநல்லூரிலிருந்து ரயிலில் வருகிறவள், இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியில் எழுதுகிற சிவப்புப் பென்சிலால் என் டியூபில் ஒன்று என்றும் மீன்கார அம்மாவின் டியூபில் இரண்டு என்றும் எழுதினாள். ரெண்டையும் ஒரே மிஷினுக்குள் எதிரெதிராக வைத்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் ரத்தத்தோடு அவர் ரத்தத்தை ஏன் போடுகிறாய் என்றேன்.

"எதிரும் புதிருமா ஒரே எடை இருக்கணும் சார், தராசு மாதிரி. இல்லேன்னா மிஷின் ஆடும். அதுக்குத்தான் ஒங்க ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வரச் சொல்றது. ஒருத்தர் வரலேன்னா டியூப்ல தண்ணி விட்டு வெப்பேன். சுத்திண்டு இருக்கறச்சே கிட்ட வராதீங்கோ."

மூடியைச் சாத்தினாள். மிஷின் உறுமியது. என் ரத்தமும் அவர் ரத்தமும் ராட்டினத்தில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் மாதிரி உள்ளே சுற்றிக்கொண்டிருக்க, நான் படியில் நின்று வெந்துகொண்டிருந்தேன். நின்ற பிறகு எடுத்துக் காட்டினாள். அடியில் சிவப்பு, மேலே மஞ்சள், நடுவே மெல்லிய வெள்ளைப் படலம். ரெண்டு டியூபும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பென்சில் எழுத்து என்றால் விரலால் தேய்த்தால் போய்விடும். ஒன்றை அழித்து இரண்டு என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

அன்று மதியம் பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. புருஷனும் பெண்சாதியுமாக ஏறினால் அடுத்தடுத்த எண்ணில் ரெண்டு டிக்கெட் கிழித்துக் கொடுப்பேன். இறங்கும்போது அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். அப்படிக் கிடந்த ஒரு ஜோடியைப் பொறுக்கிப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது புதன்கிழமை, ரத்தம் எடுத்தவுடன் ஒரு டிக்கெட்டைச் சுருட்டி டியூபின் கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். அதன் ஜோடி என் சட்டைப் பையில். திரும்பி வந்ததும் ரெண்டு எண்ணும் அடுத்தடுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். லேப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. டாக்டர் மட்டும் சிரித்தார், அவருக்கு நிம்மதி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். எண் சரியாகவே வந்தது. எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு சீராக வந்தது.

நான்காவது வாரம் மீன்கார அம்மா என் பக்கம் திரும்பினார்.

"இன்னா நைனா, ஒன் ரத்தம் டிக்கெட்டு எட்த்துக்கினு போவுது, என்னுது இன்னா ஓசியா போவுது? எனுக்கும் ஒண்ணு குடு."

எல்லோரும் சிரித்தோம். அந்த லேப் பெண்கூடச் சிரித்தாள். இன்னொரு ஜோடி என்னிடம் இருந்தது. ஒன்றை அவர் டியூபில் கட்டினேன். அதன் ஜோடியை அவரிடம் நீட்டியபோது, மீன் கையில் நனைந்து போய்விடும், நீயே வைத்துக்கொள் என்றார். சரி, என்னுடையது சட்டைப் பையில், அவருடையது கால்சட்டைப் பையில் என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். அந்த வாரம் இருவர் எண்ணும் சரியாக இருந்தது. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் எட்டிப் பார்த்தது. அவருக்கும்தான். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அரிக்காமல் தூங்கினேன் என்றார் அவர். புண்ணைத் தொடாமல் அதற்கு மேலே விரலால் வட்டம் போட்டு, இவ்வளவு இருந்தது இவ்வளவாகிவிட்டது என்று நர்ஸுக்கும் எனக்கும் மாறி மாறிக் காட்டினார்.

ஐந்தாவது வாரம் வந்தது. டியூபுகள் உள்ளே போய்த் திரும்பி வந்தன. ஒன்று என்று எழுதியிருந்த டியூபில் இருந்த டிக்கெட்டைப் பிரித்தேன். சட்டைப் பையிலிருந்த என் டிக்கெட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எண்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இரண்டு என்று எழுதியிருந்த டியூபின் டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். என் சட்டைப் பை டிக்கெட்டுக்கு அடுத்த எண் அதில் இருந்தது.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? நான் நினைத்தபடியே நடந்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. இருபது வருஷம் கையைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கடைசியில் ஒரு கை மாட்டியது. பஸ்ஸில் கத்துகிற குரலிலேயே கத்தினேன்.

"யக்கா, பாத்தியா? ஒன் ரத்தத்த எனக்கு வெக்கப் பாக்கறாங்க. என்னுத ஒனக்கு வெக்கப் பாக்கறாங்க."

மீன்கார அம்மா நீட்டியிருந்த காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

டாக்டர் ஓடிவந்தார். லேப் பெண் அழுதுகொண்டே, பென்சில் எண் சரியாகத்தான் இருக்கிறது, டிக்கெட்டோடு சுற்றினால் கழன்று பறக்கும் என்பதால் சுற்றுவதற்கு முன் கழற்றி வைத்துவிட்டுப் பிறகு கட்டுவேன், இந்த டிக்கெட்டை இந்த டியூபிலிருந்துதான் கழற்றினேன், இதில்தான் கட்டினேன் என்றாள். சத்தியம் பண்ணுகிறாயா என்று கேட்டேன். பண்ணினாள். திருட்டுப் பயணியும் இப்படித்தான் சத்தியம் பண்ணுவான் என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

டாக்டர் ரெண்டு டியூபையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "டியூப் மாறலேன்னுதான் நெனைக்கறேன். ஆனா நெனைக்கறதை வெச்சு யார் ஒடம்புலயும் எதையும் வெக்கமாட்டேன்" என்றார். ரெண்டையும் கழிவு வாளியில் போட்டார். என்னிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை டாக்டரே என் கண் முன்னால் மிஷினில் வைத்தார். மீன்கார அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தவர், ரொம்ப வெளுத்திருக்கிறது, ஒரே நாளில் ரெண்டு தடவை எடுக்கமாட்டேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சாதாரணக் கட்டு மட்டும் போட்டு அனுப்பினார். அந்த அம்மா என்னிடம் சொல்லிக்கொள்ளாமலேயே படி இறங்கிப் போனார்.

சாட்சிக்கு இருக்கட்டும் என்று ரெண்டு டியூபிலிருந்தும் பிரித்த டிக்கெட்டுகளை நான் விடவில்லை. மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குப் போய், காக்கிக்கு மாறி வேலைக்குக் கிளம்புவதற்குள் மனைவியிடம் நடந்ததை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொன்னேன். காலையில் போட்டுக்கொண்டு போன துணியை ஊற வைப்பதற்காக அவள் பையெல்லாம் துழாவிக்கொண்டிருந்தாள். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து, இது வேண்டுமா, போட்டுவிடட்டுமா என்று கேட்டாள்.

வாங்கிப் பார்த்தேன். ஒன்றாம் எண் டியூபில் இருந்த டிக்கெட்டுக்கு அடுத்த எண்.

மேஜைமேல் நாலு டிக்கெட்டையும் பரப்பி வைத்தேன். ரெண்டு ஜோடி, அப்பழுக்கில்லாமல். என்னுடையது சட்டைப் பையில், அவருடையது கால்சட்டைப் பையில் என்ற ஏற்பாட்டை அன்று காலை நானே மாற்றிப் போட்டிருக்கிறேன். கட்டுப் பிரிப்பதற்காகக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, டிக்கெட்டுகளையும் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபோது கை தவறியிருக்க வேண்டும். டியூப் மாறவில்லை. லேப் பெண் மாற்றவில்லை. ஊரில் எல்லாக் கையையும் பார்த்துக்கொண்டிருந்தவன் சொந்தக் கையைப் பார்க்கவில்லை.

மனைவி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "போய்ச் சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு பாவம்" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை கலாட்டா பண்ணினவனை இனி வராதே என்று டாக்டர் அனுப்பிவிட்டால்? டிப்போ கொடுத்த ஆறு மாதத்தில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். புதுத்தோல் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. கால் மூடட்டும், மூடின மறுநாளே சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே தவணை சொன்னேன். நாலு டிக்கெட்டையும் ஒரு கவரில் போட்டு, பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தேன். எனக்குக் கோழை மனசு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த புதன்கிழமை மீன்கார அம்மா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவருடைய மகன் ஒரு நாள் வந்து, ரத்தத்தை மாற்றி வைக்கிற இடத்துக்கு அம்மாவை அனுப்ப முடியாது என்று சத்தம் போட்டுவிட்டுப் போனானாம். நர்ஸ் சொன்னாள். டாக்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். வரவில்லை. லேப் பெண் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு வாரமும் என் டியூபை வாசற்படிக்குக் கொண்டுவந்து, எண் தெரியும்படி என் கண்ணுக்கு நேரே பிடிப்பாள். நான் தலையாட்டுவேன். பிறகு இன்னொரு டியூபில் அதே அளவு தண்ணீர் விட்டு, என் டியூபுக்கு எதிரே வைத்து மூடியைச் சாத்துவாள். அந்தத் தண்ணீர் டியூபைப் பார்க்காமல் இருக்க நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

புண் சுருங்கியது. ரூபாய் நாணயம் அளவாயிற்று, பிறகு மிளகு அளவாயிற்று, பிறகு ஒரு புதன்கிழமை கட்டைப் பிரித்தபோது புண்ணே இல்லை. ஆற்றியது அந்த மஞ்சள் நுங்கா, இறுக்கிக் கட்டின பட்டையா, காலை உயர்த்திப் போட்டுத் தூங்கினதா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. டாக்டரிடமே கேட்டேன். எனக்கும் முழுசாகத் தெரியாது, மூணும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன் என்றார். அந்த மனிதர் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. டிப்போ டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பஸ் எனக்கு மிஞ்சியது.

அதற்குப் பிறகுதான் கவரை எடுத்துக்கொண்டு நர்சிங் ஹோமுக்குப் போனேன். டாக்டர் நாலு டிக்கெட்டையும் பார்த்தார். லேப் பெண்ணைக் கூப்பிட்டு அவளிடமே சொல்லச் சொன்னார். சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு, "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த அம்மாவை எப்படியாவது அழைச்சிண்டு வாங்கோ என்றார் டாக்டர்.

பட்டினப்பாக்கத்தில் சாலை ஓரமாகவே அவரைக் கண்டுபிடித்தேன். கூடைக்குப் பின்னால் மருமகள் உட்கார்ந்து வியாபாரம் பார்க்க, அவர் ஒதுங்கி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் கட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்றி, கயிற்றால் கட்டியிருந்தது. ஈ மொய்த்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வா நைனா என்றார்.

பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். டியூப் மாறவே இல்லை, தப்பு என் பையில் இருந்தது, நாளைக்கே நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். நாலு டிக்கெட்டையும் ஜோடி ஜோடியாகத் தரையில் வைத்து எண்களைக் காட்டினேன். அவர் டிக்கெட்டுகளைப் பார்க்கவில்லை.

"காலக் காட்டு" என்றார்.

கால்சட்டையைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தார். ஆறின இடத்தை, பளபளவென்று இருந்த புதுத்தோலை, ஈர விரலால் ஒரு தடவை தடவினார்.

"டாக்டரு சொல்லி அனுப்சாரா?"

அழைத்துவரச் சொன்னார், ஆனால் தப்பைச் சொல்ல நானாகத்தான் வந்தேன் என்றேன்.

"பின்ன இத்தினி நாளு எங்க கீந்த?"

நான் குனிந்து டிக்கெட்டுகளை நேராக்கினேன். அவர் என்னையே பார்த்தார். நான் இருபது வருஷமாகப் பயணிகளைப் பார்த்த பார்வை அது. எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்தப் பார்வைக்கு முன்னால் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் செல்லாது.

"அன்னிக்கி நீதான சொன்ன, என் ரத்தத்த ஒனுக்கு வெக்கப் பாக்கறாங்கன்னு. வெச்சிட்டாங்க போலகீது. அதான் ஒன் காலு மூடிக்கிச்சி." குரலில் கோபம் இல்லை. "போவட்டும் வுடு. நீ பொழப்புக்குப் போறவன். என் ரத்தத்துலயாவது நீ எழுந்து நட."

பிறகு மருமகளிடம் சொல்லி, ரெண்டு சங்கராவை வாழை இலையில் சுற்றி என் கையில் வைத்தார். புண் ஆறிவிட்டது அல்லவா, இனிமேல் மீன் சாப்பிடலாம் என்றார். வாங்கிக்கொண்டேன். டிக்கெட்டுகள் நாலும் தரையிலேயே கிடந்தன, எண்கள் அடுத்தடுத்துச் சரியாக.